ஊதக்கா கதவைச் சாத்திய கதை

எங்கள் மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனை அறைக்கும் நான் ரத்தம் எடுக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருப்பதாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அது வெறும் அட்டை என்றுதான் தோன்றும். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் கையில் ஊசி ஆடும். அப்படியிருக்க, அந்தப் பக்கம் வேலை பார்த்தது ஊதக்கா, எல்லோரையும் ஊத வைக்கிற அக்கா.

"இழுங்க... இழுங்க... நெஞ்சு நெறைய இழுங்க... ம், ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்க, இன்னும் உள்ள இருக்கு, எனக்குத் தெரியும், வெளிய தள்ளுங்க!"

காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை இதுதான். என்னிடம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் தங்களை அறியாமல் சேர்ந்து ஊதுவார்கள். அது ஒரு வகையில் எனக்கு வசதி. ஊதுகிற மும்முரத்தில் ஊசி குத்தியதே தெரியாது.

அவள் செய்கிற பரிசோதனையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ஒரு குழாயை உதட்டால் காற்றுப் போகாமல் கவ்விக்கொள்ள வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே மூச்சாக, ஆன மட்டும் வேகமாக, உள்ளே ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் வெளியே தள்ள வேண்டும். இயந்திரம் அதைக் கோடாகப் போட்டுக் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா, நுரையீரல் விரிகிறதா என்று டாக்டர் சொல்வார். பாதியில் விட்டுவிட்டால் கோடு ஒன்றுக்கும் உதவாது. ரத்தம் எடுப்பதுபோல் நாமே எடுத்துக்கொள்ள முடியாது, நோயாளி மனது வைத்தால்தான் உண்டு. அந்த மனதை வைக்க வைக்கிறதுதான் ஊதக்காவின் வேலை.

அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கூடவே ஊதுவாள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினால் "பலூனா ஊதுறீங்க?" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினால் "காத்து வர வழி வேணாமா?" என்பாள். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் கௌரவம் பார்த்துப் பதமாக ஊதுவார்கள். அவர்களிடம் மட்டும் குரலை இறக்கி, "ஆபீஸ்ல யாரையாவது திட்டணும்னு நெனச்சுக்கிட்டு ஊதுங்க சார்" என்பாள். கோடு ஜிவ்வென்று ஏறும். "என் ரூம்லேர்ந்து வெத்துப் பேப்பரோட யாரும் போனதில்ல" என்று சொல்லும்போது அவள் கழுத்து ஓரங்குலம் நீளும்.

அவளுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. வந்து உட்கார்ந்ததும் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து முழுவதையும் குடிக்கச் சொல்வாள். தொண்டை காய்ந்திருந்தால் இருமல் வந்து பரிசோதனை கெட்டுவிடும் என்பது அவள் கணக்கு. அறைக் கதவைச் சாத்தவே மாட்டாள். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் பார்க்கட்டும், பார்த்தால் அவர்கள் முறை வரும்போது விளக்க வேண்டியதில்லை, ஊதுகிறவருக்கும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற ரோஷம் வரும். சில நாள் பெஞ்சே சேர்ந்து "ஊதுங்க ஊதுங்க" என்று கத்தும். ஏதோ வடம் இழுக்கிற போட்டி மாதிரி இருக்கும். யாராவது கூச்சப்பட்டால் "வெக்கத்தையெல்லாம் வெளிய வச்சுட்டு வாங்க" என்பாள். கழிப்பறை நடைபாதையின் அடுத்த கோடியில் இருந்தது. அதன் சாவி காவலாளியிடம். அவரைத் தேடிப் பிடிப்பது தனி வேலை.

ஒரே ஒரு வகை நோயாளிகளைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. நாற்பது, நாற்பத்தைந்து தாண்டிய பெண்கள். நன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். கோடு ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் சபாஷ் என்று சொல்லத் தோன்றும். திடீரென்று கத்தரித்தாற்போல் நின்றுவிடும். திரும்ப ஊதச் சொன்னால் முதலில் ஊதியதை விட மோசமாக ஊதுவார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒருவராவது அப்படி வருவார்கள். திட்டி, கெஞ்சி, பத்துத் தடவை ஊத வைத்து எப்படியோ ஒரு கோட்டைத் தேற்றி அனுப்புவாள். மதியம் சாப்பிடும்போது ஊதக்கா என்னிடம் புலம்புவாள். "வீட்டுல புள்ளைங்களக் கத்துறப்போ மட்டும் எங்கேர்ந்துதான் மூச்சு வருதோ. இங்க வந்தா நாசூக்கு." நானும் சிரித்திருக்கிறேன். நானும் அந்த வயதுதான். ஆனால் என்னை யாரும் ஊதச் சொல்லவில்லை.

இனி அண்ணியைச் சொல்ல வேண்டும். ஊதக்காவின் அண்ணன் மனைவி. அம்மா இல்லாத வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அப்போது ஊதக்கா பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பெண். ஒரு நாள் வகுப்பிலிருந்து பாதியில், புத்தகப் பையைப் பின்னால் தொங்கவிட்டு மறைத்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்தாளாம். அண்ணன் வேலையிலிருந்து வருவதற்குள் அண்ணி கறைபட்ட அந்தப் பாவாடையைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டாள். "இதுல அழறதுக்கு என்னடி இருக்கு?" என்று சொல்லித் தலை வாரி விட்டாளாம். இதை ஊதக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவாள். அவளை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டதும் அண்ணிதான்.

அண்ணி ஒரு மெத்தைப் பட்டறையில் வேலை பார்த்தாள். பஞ்சை உதறி, உறைக்குள் அடைத்து, தைப்பது. பல வருஷம். மூச்சு வாங்குகிறது, படியேறினால் நெஞ்சு விசில் அடிக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும் ஊதக்காதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எங்கள் நெஞ்சு டாக்டரிடம் காட்டினாள். அவர் கேட்டு, தட்டி, குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஊதிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

அன்றைக்கு ஊதக்காவுக்கு ஏக உற்சாகம். சொந்த மனுஷி, அதுவும் அண்ணி, தன் அறையில். தன் திறமையைக் காட்ட வேண்டாமா? தண்ணீர் கொடுத்தாள். அண்ணி பாதி குடித்துவிட்டுத் தம்ளரை வைத்ததை விடாமல், "முழுசும் குடிங்க" என்றாள். கதவு விரியத் திறந்திருந்தது. பெஞ்சில் ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

முதல் தடவை ஊதினாள். நின்றுவிட்டது. "அண்ணி, ஏன் விட்டீங்க?" இரண்டாவது தடவை. அதுவும் நின்றுவிட்டது. "நல்லாத்தானே வந்துச்சு! விடாதீங்க அண்ணி!" மூன்றாவது தடவை ஊதியதே தெரியவில்லை.

"பாப்பா, போதும்டி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றது அண்ணியின் குரல், மிகவும் தணிந்து.

"என்ன இன்னொரு நாள்? எந்திரிக்காதீங்க. இதோ பாருங்க, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. அந்தத் தாத்தா உங்களைவிட நல்லா ஊதினாரு. சோம்பேறித்தனம் அண்ணி இது, வேற ஒண்ணும் இல்ல. அண்ணன்கிட்டப் பேசுறப்போ இந்த மூச்செல்லாம் எங்க போகுது?"

பெஞ்சில் சிரித்தார்கள். உறவுக்குள் நடக்கிற கேலிதானே என்று நானும் சிரித்தேன். அண்ணி இன்னும் நாலைந்து தடவை ஊதினாள், ஒன்றும் தேறவில்லை. ஊதக்காவின் கணக்கில் முதல் வெத்துப் பேப்பர் சொந்த அண்ணியுடையதாகப் போயிற்று. ரிப்போர்ட்டில் 'முயற்சி போதாது, ஒத்துழைப்பு இல்லை' என்று அடித்துக் கொடுத்தாள். அது பொய்யில்லை, இயந்திரமும் அதைத்தான் சொன்னது. அண்ணி கைப்பையை வயிற்றுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் அறை வாசலைத் தாண்டிப் போனாள். நான் "வரேன்னு சொல்லாம போறீங்களே" என்றேன். அவள் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

டாக்டர் ஒரு மாதம் கழித்து மறுபடி ஊத வரச் சொல்லியிருந்தார். அண்ணி வரவில்லை. ஊதக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். "இப்ப பரவால்ல" என்று பதில் வந்தது. மூன்றாம் முறை கூப்பிட அவளுக்கு ரோஷம். "நான் என்ன, எனக்கா கூப்பிடறேன்? அவங்க ஒடம்பு, அவங்க இஷ்டம்." அந்த வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். போகும்போது அண்ணன்தான் பேசுவார். "உங்க அண்ணி இப்பல்லாம் ரெண்டு மாடிப்படி ஏறுனா உக்காந்துடுறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. நடிக்கிறாளோ என்னவோ." அண்ணி அடுக்களையிலிருந்து வெளியே வரமாட்டாள். இப்படியே ஒரு வருஷம் ஓடிப்போயிற்று. அந்த வருஷத்தைத்தான் ஊதக்காவால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் ஊதக்காவுக்குச் சளி பிடித்தது. லேசான சளியில்லை, வாரக்கணக்கில் விடாத இருமல். லீவு போடு என்றேன். "நான் இல்லாட்டி யாரு ஊத வைப்பா?" என்றாள். அவள் வழக்கம்போல் ஒவ்வொரு நோயாளிக்கும் தானே ஒரு முறை ஊதிக் காட்டுவாள் அல்லவா? அன்று ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் பாதிக்கு மேல் ஆண்கள். "இப்படி!" என்று சொல்லி நெஞ்சு நிறைய இழுத்து ஊதினாள். ஊதிக்கொண்டிருக்கும்போதே இருமலும் சேர்ந்து வந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது ஒன்றுமில்லை. அதுதான் விசேஷம். அவள் அறையிலிருந்து சத்தம் வராமல் இருந்தால் அது ஏதோ விபரீதம். எட்டிப் பார்த்தேன். அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் ஒன்றும் புரியாமல் குழாயை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவள் கண்ணாலேயே கூப்பிட்டாள். அவளுடைய வெளிர் நீலச் சீருடையில் முழங்கால் வரை ஒரு பக்கம் நனைந்து கருநீலமாக மாறியிருந்தது.

என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றி, "அக்காவுக்குத் தலை சுத்துது" என்று பெஞ்சுக்குக் கேட்கச் சொல்லி, என் அறைக்குள் இழுத்து வந்து கதவைச் சாத்தினேன். மாற்றிக்கொள்ள என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அது அவள் அளவுக்கு இல்லை, இன்னும் கேவலமாக இருந்தது. சிரிப்பு மூட்டலாம் என்று, "என்ன அக்கா, வெக்கத்தை வெளிய வச்சுட்டு வந்தியா?" என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவள் அழவில்லை. ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள்.

"எவ்வளவு பேரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"டிரைவர் பாத்தாரு. அவரு பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதான் தாங்கல." பிறகு திடீரென்று தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ. அண்ணி."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. முன்னால் இறுக்கிப் பிடித்த கைப்பை. திரும்பிப் பார்க்காமல் போனது. கத்தரித்தாற்போல் நின்ற கோடு. நெஞ்சிலிருந்து அவ்வளவு பலமாகத் தள்ளினால் அடிவயிறும் சேர்ந்துதானே தள்ளும்? பிள்ளை பெற்ற உடம்பு, வருஷக்கணக்காக இருமுகிற உடம்பு, தம்ளர் நிறையத் தண்ணீர் வேறு. நாற்பது தாண்டிய பெண்கள் நாசூக்குப் பார்த்து நிறுத்தவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்தினார்கள். நாங்கள் இருவரும் பெண்கள், இருவரும் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர்கள், எங்களுக்கு இது தோன்றவே இல்லை. மானங்கெட்ட தொழில் ஞானம்! எனக்கே என்மேல் அவ்வளவு ஆத்திரமாக வந்தது என்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது முதலில் செய்தது கதவைச் சாத்தியது. காவலாளியிடம் சண்டை போட்டுக் கழிப்பறைச் சாவியைத் தன் மேசை ஆணியில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் "போயிட்டு வந்துடுறீங்களா?" என்று கேட்டாள். பெண்கள் வந்தால் ஒரு பஞ்சுத்துணியை மடித்துக் கையில் கொடுத்து, முகத்தைப் பார்க்காமல், "வச்சுக்குங்க, நல்லா ஊத வரும்" என்பாள். எடுத்துக்கொள்ளாத பெண் ஒருத்தி கூட இல்லை என்று என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தி கூட இல்லையே!

நல்ல காரியம்தான். ஆனால் அண்ணியிடம் மட்டும் அவளால் போக முடியவில்லை. இன்று போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று மழைக்காலம் பாதி கழிந்தது. நான் திட்டினேன். "யார் யாருக்கோ பஞ்சுத்துணி கொடுக்கறே. பெத்த தாய் மாதிரி வளத்தவங்க மூச்சு முட்டி உக்காந்திருக்காங்க. உனக்கு வெக்கமா இருக்குதாக்கும்?"

"வெக்கமாத்தான் இருக்கு" என்றாள். "எனக்கும் ஆச்சுன்னு சொல்லிக் கூப்பிட்டா வந்துடுவாங்க. அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

கடைசியில் தனக்கு விடுப்பான ஒரு நாள் மதியம், அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். அண்ணி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், தூங்குவதும் அப்படியேதானாம். பட்டறையில் பஞ்சு உதறுகிற வேலையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து நூல் வெட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள், அன்று அதற்கும் போக முடியவில்லை. "வா... பாப்பா" என்பதையே இரண்டு தவணையாகத்தான் சொன்னாள். அண்ணி நடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எந்த இயந்திரமும் வேண்டியிருக்கவில்லை. கழுத்து நரம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் எழுந்து எழுந்து அடங்கியது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை ஊதக்கா சொல்லவில்லை. மென்று முழுங்கிவிட்டு வேறு விதமாக ஆரம்பித்தாள். "அண்ணி, ஊதறப்போ நெறைய லேடீஸுக்குத் துணி நனைஞ்சுடுதாம். இப்பதான் தெரிய வந்துச்சு. உங்களுக்கும் அன்னிக்கு..."

"யாரு சொன்னா?" அண்ணி வெடுக்கென்று நிமிர்ந்தாள். "உங்க அண்ணன் சொன்னாரா? அவருக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் சொல்லல. நானாத்தான்..."

"நீயா கண்டுபிடிச்சியா? ஒரு வருஷம் கழிச்சா?" அதற்குள் இருமல் வந்துவிட்டது. இருமலின் நடுவில் அண்ணியின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனதை ஊதக்கா பார்த்தாள். இருமல் அடங்கியதும் அண்ணி அவளைப் பார்க்காமல் பேசினாள். "அன்னிக்கு வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியுமா? பஸ்ல சீட்டு காலியா இருந்துச்சு. உக்காருங்க, உக்காருங்கன்னு கண்டக்டர் சொல்றான். நின்னுக்கிட்டே வந்தேன். வந்து, நானே தொவச்சுப் போட்டேன். இதோட விடு பாப்பா. இதப் பத்திப் பேசாதே. கை எடுத்துக் கும்பிடறேன்."

அண்ணி நிஜமாகவே கையைக் கூப்பினாள். ஊதக்கா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அழுது, கெஞ்சி, கதவைச் சாத்தி வைப்பேன், உள்ளே நான் மட்டும்தான், அண்ணன் வெளியே இருக்கட்டும், யாரிடமும் ஒரு வார்த்தை வராது என்று சத்தியம் செய்தாள். தனக்கு நடந்ததைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. "சத்தியத்தை நம்பி வரேன்" என்றாள் அண்ணி.

வந்தாள். அண்ணனும் வந்தார். ஊதக்கா கதவைச் சாத்தினாள். நான் என் பக்கம் ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தலே இல்லை. "இழுங்க அண்ணி... ஊதுங்க... நான் பாக்கல, நீங்க ஊதுங்க... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் கேட்டது. நன்றாக ஊதிவிட்டாள். மூன்று தடவையும் கோடு கடைசி வரை போயிற்று. அந்தக் கோடு காட்டியதுதான் நன்றாக இல்லை. மூச்சுக்குழாய் மிகவும் சுருங்கிப் போயிருந்தது. விரிக்கிற மருந்தை உறிஞ்சக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதியும் சிறிதளவுதான் விரிந்தது.

எங்கள் நெஞ்சு டாக்டர் கெட்டிக்காரர், கைராசிக்காரர், ஆனால் வாய் அடங்காது. நோயாளியை உள்ளே கூப்பிட்டுப் பேசுகிற பழக்கமும் கிடையாது. தாளை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கே வந்துவிட்டார். இரண்டு வருஷத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது? போன வருஷமே ஒழுங்கா ஊதியிருந்தா அப்பவே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். பஞ்சு வேலையையும் அப்பவே விடச் சொல்லியிருப்பேன். இதுல பாதி இப்ப திரும்பாது. போனது போனதுதான். ஒரு டெஸ்ட்டுக்கு ஒத்துழைக்க முடியலைன்னா நாங்க என்னதான் பண்றது?"

பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணி கூனிக்குறுகி நின்றாள். அண்ணன் வேறு எடுத்துக் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன் டாக்டர். அழுத்தக்காரி. சொன்ன பேச்சுக் கேக்கவே மாட்டா."

நான் ஊதக்காவைப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் செய்யாத குற்றத்துக்கு அண்ணி திட்டு வாங்க வேண்டும். நடந்ததைச் சொன்னால் அண்ணியின் மானம் புருஷன் முன்னால், பெஞ்சு முன்னால் கப்பலேறும். அண்ணி ஒரே ஒரு முறை கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுதான் அந்தப் பார்வை.

"டாக்டர், அவங்க ஒத்துழைக்காம இல்ல. தப்பு என்மேல" என்றாள் ஊதக்கா.

"உங்கமேலயா? நீங்க கல்லையே ஊத வைக்கிற ஆளாச்சே?"

"தம்ளர் நெறையத் தண்ணியக் குடிக்க வச்சு, கதவத் தொறந்து போட்டு, பாத்ரூம் போயிட்டு வரீங்களான்னு ஒரு வார்த்தை கேக்காம ஊத வச்சேன் டாக்டர். அவங்கள மட்டுமில்ல, எல்லாரையும். அப்படி ஊதினா எந்தப் பொம்பளைக்கும் பாதியில நிறுத்தத்தான் தோணும். எனக்கு... எனக்கே ஒண்ணுக்குப் போயிடுச்சு. இந்த ரூம்ல. ஊதிக் காட்டறப்போ."

டாக்டரின் வாய் அடைத்ததை அன்றுதான் பார்த்தேன். பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அண்ணன் கூரையைப் பார்த்தார். ஊதக்காவின் காது மடல்கூடச் சிவந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "அண்ணிக்கு அன்னிக்கு என்ன கஷ்டம்னு நான் கேக்கவே இல்ல. அதனால எனக்குத் தெரியாது. 'ஒத்துழைப்பு இல்ல'ன்னு அடிச்சது நான். அதுக்கு அவங்களத் திட்டாதீங்க."

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா" என்று அண்ணியைக் கூப்பிட்டார். அவர் ஒருவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியதும் அன்றுதான். ஊதக்கா நிமிர்ந்த தலையோடு என் அறைக்குள் வந்தாள். வந்ததும் ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. நல்ல வேலை செய்தாய் என்று சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மீதியை அவளே மறுநாள் சொன்னாள். அண்ணன் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். இவர்கள் இருவரும் அங்கே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணிக்கு அப்போது கொஞ்சம் மூச்சு சீராகியிருந்தது.

"எனக்காக எதுக்குடி அப்படி ஒரு பொய் சொன்னே?" என்றாளாம் அண்ணி. "நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பே?"

"பொய் இல்ல அண்ணி."

"என்ன?"

"நெசமாத்தான். மழைக்கு முன்னாடி, இருமல் இருந்துச்சுல்ல, அப்போ. எல்லார் முன்னாடியும்."

அண்ணி அவளையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குமா?" என்று கேட்டுச் சின்னதாகச் சிரித்தாளாம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணி சிரித்துப் பார்த்தது அப்போதுதான். ஊதக்காவும் சிரித்தாள். அப்புறம் அண்ணிக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும், சிரிப்பு நின்றது.

"அப்போ அதுக்கப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சா?"

"ஆமாண்ணி."

அண்ணி கையை விடவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டாளாம்.

"உனக்கு வராமலே இருந்திருந்தா, பாப்பா?"

நான் "நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது? அதுக்குள்ள அண்ணன் மருந்துப் பையோட வந்துட்டாரு. ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசறீங்கன்னு கேட்டாரு. அண்ணிதான் ஒண்ணுமில்லன்னாங்க."